ஆறு அடுப்பு எரிந்த இடத்தில் நாலு அடுப்பு! ஒரு கிரவுண்டில் எத்தனை வீடு?

சென்னைக்குள் குடியிருக்க இடமே இல்லை என்கிறார்கள். ஆனால் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் போனால் பழைய வீட்டை இடிக்கிற கடப்பாரைச் சத்தம் ஓயவில்லை. இடித்த இடத்தில் அடுக்குமாடி எழும்புகிறது. அப்படியானால் ஊருக்குள் வீடு பெருகியிருக்க வேண்டுமே? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்!

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதைப்போல் எத்தனை மடங்கு கட்டிடம் எழுப்பலாம் என்பதற்கு அளவு உண்டு. புரோக்கர்கள் 'எப்.எஸ்.ஐ.' என்று சொல்வது இதைத்தான். சாதாரண கட்டிடங்களுக்கு ஒன்றரை மடங்காக இருந்தது, 2019-ல் வந்த புதிய கட்டிட விதிகளில் 2 மடங்கானது. 3,600 சதுர அடி கட்டிய இடத்தில் 4,800 கட்டலாம். 600 சதுர அடி வீடாகப் பிரித்தால் 8 வீடு!

இது காகிதக் கணக்கு. சுற்றிலும் காலி இடம் விட வேண்டும். கார் நிறுத்தக் கீழ்த்தளம் போய்விடும். வானளாவிய கட்டிடத்துக்கு 3.25 மடங்கு வரை உண்டு. ஆனால் அதற்கு அகலமான சாலை வேண்டும். லாரி திரும்பாத சந்தில் அதைப் பேசி என்ன பயன்?

ஐந்து குடித்தனம் காலி

ஒரு பழைய வீட்டை எடுத்துக்கொள்வோம். முன்கட்டில் வீட்டுக்காரர். பின்னால் ஐந்து ஒண்டுக் குடித்தனம். பெரியவர் காலமானார். பிள்ளைகள் இருவர். பில்டர் வருகிறார். 'ஆளுக்குப் பாதி' என்று ஒப்பந்தம். 1,200 சதுர அடியில் நாலு பிளாட் எழும்புகிறது. பிள்ளைகளுக்கு இரண்டு, விற்பனைக்கு இரண்டு.

சட்டத்தை யாரும் மீறவில்லை. சதுர அடி கூடிற்று, வீடு குறைந்துபோச்சு! ஆறு குடும்பம் இருந்த இடத்தில் இப்போது நாலு. எட்டு சின்ன வீடு கட்டுவானேன், நாலு பெரிய வீட்டை லேசாக விற்றுவிடலாமே என்பது பில்டர் கணக்கு. அவரையும் குறை சொல்ல முடியாது.

காலி செய்தவர்கள் எங்கே போனார்கள்? 2001-க்கும் 2011-க்கும் இடையே சென்னை மாவட்டத்தில் கூடிய ஜனத்தொகை சுமார் 3 லட்சம்தான். பக்கத்து காஞ்சீபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் கூடியது சுமார் 21 லட்சம்! தாம்பரமும் செங்கல்பட்டும் அன்று காஞ்சீபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களும் இதில் அடக்கம்.

ஒருவர் முரண்டு பிடித்தால்...

பழைய அடுக்குமாடிகளின் கதை வேறு. இடித்துக் கட்ட எல்லாரும் சம்மதித்தாலும் ஒரே ஒருவர் 'மாட்டேன்' என்றால் வேலை நின்றுவிடும். 2024-ல் அமலுக்கு வந்த அடுக்குமாடி வீட்டு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதம் போதும். இந்த இடங்களில்தான் இனி வீடு கூட வழி இருக்கிறது. அதுவும் சின்ன வீடாகக் கட்டினால்!

தெருவில் புதைத்த தண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் மட்டும் 2 மடங்காகவில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களைக் கேட்டால் தெரியும்.