கார்தான் வீடு... காலை காபிக்கு என்ன வழி? அடுப்பு மட்டும் வேண்டாம், உஷார்!

சென்னை:

விடியற்காலை 4 மணிக்கு மீனம்பாக்கம் விமான நிலையம் பக்கமோ, கோயம்பேடு பக்கமோ போய் பார்த்தால் தெரியும். ஓரமாக வரிசை கட்டி நிற்கும் டாக்சிகளில் சீட்டை பின்னால் சாய்த்துப் போட்டு, முகத்தில் துண்டை போர்த்தி டிரைவர்கள் தூங்கிக் கொண்டிருப்பார்கள். வெளியூரில் இருந்து வந்து சென்னையில் கால் டாக்சி ஓட்டும் பலருக்கு ராத்திரி தங்கும் இடமே கார்தான். ரூம் எடுத்தால் அட்வான்ஸ், வாடகை. இன்னொரு பக்கம் வண்டிக்கு மாத டியூ. இரண்டையும் கட்ட எங்கே போவது? அதனால் டிக்கியில் துணிமணி, பின் சீட்டில் தலையணை என்று குடித்தனம் நடக்கிறது.

குளியலை பெட்ரோல் பங்க்கிலோ, கட்டண குளியல் அறையிலோ முடித்து விடலாம். சாப்பாட்டுக்கு கையேந்தி பவன் இருக்கிறது. மல்லுக்கட்ட வைப்பது காலை காபிதான். ஏர்போர்ட் டிராப் 3 மணிக்கே வந்து விடும். அந்த நேரத்தில் பக்கத்தில் கடை திறந்திருக்காது. திறந்திருக்கும் கடையில் வண்டியை நிறுத்த இடம் இருக்காது.

காசு கணக்கும் இருக்கிறது. ஒரு காபி 20 ரூபாய் என்று வைத்துக் கொண்டால்கூட, ஒரு நாளைக்கு நாலு காபிக்கு 80 ரூபாய். மாசத்துக்கு 2,400 ரூபாய். 'பேசாமல் வண்டியிலேயே போட்டுக் குடிச்சா என்ன?' என்ற எண்ணம் இங்கேதான் வருகிறது. எண்ணம் தப்பில்லை. அதற்கு குட்டி சிலிண்டரையும் அடுப்பையும் வாங்கி காருக்குள் வைத்து பற்ற வைப்பதுதான் தப்பு. ஆபத்தான தப்பு.

9 உயிரை குடித்த தீ

மதுரையில் 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி நடந்ததை மறந்திருக்க முடியாது. லக்னோவில் இருந்து ஆன்மிக சுற்றுலா வந்தவர்களின் ரெயில் பெட்டி, மதுரை ரெயில் நிலையம் அருகே தனியாக கழற்றி நிறுத்தப்பட்டிருந்தது. விடியற்காலை 5 மணி வாக்கில் பெட்டிக்குள் தீ. விதியை மீறி ரகசியமாக கொண்டு வந்த சமையல் கியாஸ் சிலிண்டரில் டீ, காபி போட முயன்றபோதுதான் தீப்பிடித்தது என்று ரெயில்வே தரப்பில் தெரிவித்தார்கள். 9 பேர் பலியானார்கள். அவ்வளவு பெரிய ரெயில் பெட்டிக்கே அந்த கதி என்றால், நாலு கதவு உள்ள காரை நினைத்துப் பாருங்கள்.

சமையல் கியாஸ் காற்றை விட கனமானது. கசிந்தால் மேலே போகாது, கீழே இறங்கும். வீட்டில் கதவு இடுக்கு வழியாகவாவது கொஞ்சம் வெளியேறும். காரில் கால் வைக்கும் பள்ளத்தில் குளம் மாதிரி தேங்கி நிற்கும். காற்றில் 100-ல் 2 பங்கு கியாஸ் கலந்தாலே, ஒரு தீப்பொறி போதும். சுற்றிலும் இருப்பது என்ன? ஸ்பாஞ்சு சீட்டு, ரெக்சின், பிளாஸ்டிக், பின்னால் பெட்ரோல் டேங்க்.

'நான் ராத்திரி மட்டும்தான் பற்ற வைப்பேன், பகலில் சிலிண்டர் சும்மா டிக்கியில் கிடக்கும்' என்றாலும் விடாது. சித்திரை வெயிலில் பூட்டிய காரின் டேஷ்போர்டு 70 டிகிரி வரை சூடாகும். கைக்கு அடக்கமான கியாஸ் டப்பாக்களில் 50 டிகிரிக்கு மேல் சூடாக விடாதே என்று அச்சடித்தே விற்கிறார்கள். பெரிய சிலிண்டரில் இருந்து சின்ன சிலிண்டருக்கு திருட்டுத்தனமாக ஏற்றித் தருவது சட்டப்படி குற்றம். அந்த சிலிண்டர்களின் வால்வு எந்த நிலையில் இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

வாசனை இல்லாத எமன்

தீயே பிடிக்கவில்லை என்று வைப்போம். அப்போதும் தப்ப முடியாது. மூடிய இடத்தில் அடுப்பு எரிந்தால் காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மூச்சில் போனதும் ரத்தத்தில் பிராண வாயு உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்து கொள்ளும். பிராண வாயுவை விட 200 மடங்குக்கு மேல் கெட்டியாக ஒட்டிக் கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் கிறுகிறுப்பு, குமட்டல். அசதியாக இருக்கிறதே என்று சாய்ந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள்.

கேரளாவில் வடகரை அருகே 2024-ம் ஆண்டு டிசம்பரில், ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் 2 பேர் பிணமாக கிடந்தார்கள். ஜெனரேட்டரில் இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்பது ஆய்வில் தெரிந்தது. நிறுத்திய வண்டியில் என்ஜினை ஓட விட்டு ஏ.சி. போட்டு தூங்குகிறவர்களும் இதை கவனிக்க வேண்டும். சைலன்சர் குழாயில் சின்ன ஓட்டை போதும்.

யாராவது அப்படி மயங்கிக் கிடந்தால் முதலில் எல்லா கதவையும் திறந்து ஆளை வெளியே இழுத்துப் போட வேண்டும். அடுத்து 108. தண்ணீர் தெளித்துக் கொண்டு நேரத்தை கடத்தாதீர்கள்.

லாரிக்காரர்கள் செய்கிறார்களே என்று கேட்கலாம். நாமக்கல், சங்ககிரி லாரிகளில் ஸ்டவ், பாத்திரம் எல்லாம் போவது உண்மைதான். ஆனால் விவரம் தெரிந்த டிரைவர்கள் கேபினுக்குள் பற்ற வைப்பதில்லை. வண்டியை விட்டு இறங்கி, டீசல் டேங்குக்கு எட்டாத தூரத்தில், தரையில் வைத்துத்தான் சமைப்பார்கள். சென்னை நகருக்குள் அந்த மாதிரி இடம் டாக்சிக்காரருக்கு எங்கே கிடைக்கும்?

கரண்டு கெட்டில் தேறுமா?

சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகும் 12 வோல்ட் கெட்டில் கடைகளில் கிடைக்கிறது. தீ இல்லை, புகை இல்லை. ஆனால் ஆமை வேகம். வீட்டு கெட்டில் 1,500 வாட். இது பெரும்பாலும் 120 வாட் சுற்றித்தான். ஒரு டம்ளர் தண்ணீர், அதாவது 200 மில்லி கொதிக்க கணக்குப்படியே 8 நிமிடம். சூடு வெளியே போவதையும் சேர்த்தால் கால் மணி நேரம் பிடிக்கும். 10 ஆம்பியர் கரண்டு அவ்வளவு நேரமும் இழுக்கும். ஓட்டிக் கொண்டே போடலாம் என்று நினைக்காதீர்கள், ஒரு சடன் பிரேக்கில் வெந்நீர் தொடையில் கொட்டும்.

பேட்டரி நன்றாக இருந்தால் ஒரு தடவை தாங்கும். ராத்திரி முழுக்க செல்போன் சார்ஜ், பாட்டு, குட்டி பேன் என்று ஓட்டிவிட்டு காலையில் கெட்டிலையும் சொருகினால், 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வரும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஏர்போர்ட் டிராப் போச்சு. இன்வெர்ட்டர் வாங்கி வீட்டு கெட்டிலையே போடலாம் என்று யாராவது ஐடியா கொடுத்தால் கும்பிடு போட்டு அனுப்புங்கள். 1,500 வாட்டுக்கு 12 வோல்ட் பேட்டரியில் 125 ஆம்பியர் வேண்டும். அந்த சாக்கெட் பியூஸ் தாங்குவது 10, 15 அல்லது 20 ஆம்பியர்தான்.

தீ கடையில், சூடு காரில்

அப்போ என்னதான் வழி? ரொம்ப சுலபம். தீயை காருக்குள் கொண்டு வராமல், சூட்டை மட்டும் கொண்டு வர வேண்டும். தேவை ஒரு நல்ல எவர்சில்வர் பிளாஸ்க், ரெண்டு பேர் அளவு பில்டர், காபித் தூள், பால் பவுடர், சர்க்கரை.

ராத்திரி கடைசி டீ குடிக்கும் கடையிலேயே வேலையை முடித்து விடலாம். பில்டர் மேல் தட்டில் 3 ஸ்பூன் தூள் போட்டு, குடையால் லேசாக அழுத்துங்கள். ஓங்கி அமுக்கினால் விடிந்தாலும் சொட்டாது. கடைக்காரரிடம் தளதளவென்று கொதிக்கும் வெந்நீர் கேட்டு வாங்கி ஊற்றி மூடி விடுங்கள். தெரிந்த கடை என்றால் சும்மா கொடுப்பார். இல்லை என்றால் 5 ரூபாய் கொடுத்தால் போச்சு. 80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி கலந்த தூளில் டிகாக்‌ஷன் கெட்டியாக, மெதுவாக இறங்கும். தனி காபித் தூள் என்றால் சீக்கிரம் இறங்கும், கொஞ்சம் நீர்க்க இருக்கும். முழுக்க இறங்கும் வரை வண்டியை நகர்த்தாதீர்கள்.

அதே வெந்நீரை பிளாஸ்க்கிலும் பிடியுங்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி மூடி, 5 நிமிடம் வைத்து கொட்டி விட வேண்டும். பிளாஸ்க்கின் உள்பக்கம் சூடேறிய பிறகு மறுபடியும் கழுத்து வரை நிரப்ப வேண்டும். அரை பிளாஸ்க் ஊற்றினால் சீக்கிரம் ஆறி விடும். நிரப்பினால் விடியற்காலை 4 மணிக்கும் நாக்கை சுடும்.

காலையில் வேலை ஒரே நிமிடம். டம்ளரில் பால் பவுடர், சர்க்கரை போட்டு, டிகாக்‌ஷன் ஊற்றி குழைத்துக் கொள்ளுங்கள். குழைத்த பிறகு வெந்நீர் ஊற்றினால் கட்டி தட்டாது. ஆவின் பாலில் போட்ட காபி ருசி வராதுதான், அதை மறைத்து பிரயோஜனம் இல்லை. ஆனால் 3 மணிக்கு மீனம்பாக்கத்தில் அது அமிர்தம்.

பாலை காய்ச்சி பிளாஸ்க்கில் ஊற்றி ராத்திரி முழுக்க வைப்பது கூடாது. சூடு குறைந்து வெதுவெதுப்பானதும் கிருமி பெருக ஆரம்பித்து விடும். வயிற்றுப்போக்கோடு டாக்சி ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. பால்தான் வேண்டும் என்றால் அட்டைப் பெட்டியில் வரும் பால் திறக்கும் வரை கெடாது. திறந்தால் அப்போதே காலி செய்ய வேண்டும். டிகாக்‌ஷனும் ஒரு ராத்திரிக்குத்தான். மறுநாள் புளிப்பு வாடை அடித்தால் கொட்டி விடுங்கள்.

பில்டரே வேண்டாம் என்பவர்களுக்கு பாக்கெட் காபித் தூள் இருக்கவே இருக்கிறது. பிளாஸ்க் வெந்நீர் போதும்.

குடித்ததும் கிளம்பாதீர்கள்

காபி உள்ளே போன உடனே தூக்கம் கலைந்து விடாது. வேலை செய்ய 15 முதல் 30 நிமிடம் ஆகும். அந்த நேரத்தை வீணாக்காமல் சீட்டிலேயே சாய்ந்து கண்ணை மூடுவது நல்லது. காபி குடித்துவிட்டு குட்டித் தூக்கம் போட்ட டிரைவர்களுக்கு ஸ்டியரிங்கில் தடுமாற்றம் நன்றாக குறைந்ததை இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1997-ல் எழுதியிருக்கிறார்கள். 15 நிமிடத்துக்கு அலாரம் வைத்துக் கொள்ளுங்கள். ராத்திரி பூரா ஓட்டிவிட்டு, தூக்கத்துக்கு பதிலாக காபியை ஊற்றிக் கொண்டே இருந்தால் உடம்பு கேட்காது. கண் செருகினால் ஓரம் கட்டத்தான் வேண்டும். சாயங்காலம் குடித்த காபியில் பாதி, 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். 10 மணிக்கு படுக்கிறவர் மதியத்தோடு நிறுத்திக் கொண்டால் காரிலும் நல்ல தூக்கம் வரும்.

பாத்திரத்தை அப்படியே டிக்கியில் போட்டால் பூஞ்சை பிடித்து நாறும். காபி சக்கையை பேப்பரில் மடித்து குப்பைத் தொட்டியில் போடுங்கள், பிளாஸ்க் மூடியில் உள்ள ரப்பரை கழற்றிக் கழுவுங்கள். பில்டர் ஓட்டை அடைத்துக் கொண்டால் ஊசி வைத்து குத்த வேண்டாம், ஓட்டை பெரிதாகி தூள் கீழே இறங்கும். வாரத்துக்கு ஒரு தடவை டீக்கடை அடுப்பில் மேல் தட்டை மட்டும் இடுக்கியில் பிடித்து கொஞ்ச நேரம் காட்டினால், அடைத்த தூள் கருகி உதிர்ந்து விடும்.