இருமலே வராத புரையேற்றம்

தோப்பும்படியின் பழைய ஹார்பர் பாலம் ராபர்ட் பிரிஸ்டோ கொச்சித் துறைமுகத்தை உருவாக்கிய காலத்தது. அந்நாளில் கப்பல் வந்தால் பாலத்தின் நடுப்பகுதியை மேலே தூக்குவார்கள்; வண்டிகள் காத்து நிற்கும். நம் தொண்டையிலும் இதேதான் நடக்கிறது. விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்புகிறது, குரல்நாண்கள் இறுக மூடுகின்றன, மூச்சு ஒரு விநாடி நிற்கிறது. எச்சில் உணவுக்குழாய்க்குள் இறங்கிவிடுகிறது. ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை ஊறும் எச்சிலை இப்படித்தான் நாம் அறியாமலே விழுங்கித் தீர்க்கிறோம்.

நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கும் ஆழ்ந்த தூக்கத்தில் கொஞ்சம் எச்சில் நுரையீரல் பக்கம் நழுவுவதுண்டு. இருமலும் மூச்சுக்குழாயின் நுண்மயிர்களும் அதை வெளியே தள்ளிவிடும். பக்கவாதமோ தலைக்காயமோ நரம்பு நோயோ தொண்டையின் உணர்வைப் பறித்துவிட்டால் இருமலே வராது. எச்சில் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இத்தகைய நோயாளிகள் பலருக்குக் கழுத்தில் துளையிட்டு டிரக்கியாஸ்டமி குழாய் வைத்திருப்பார்கள். அதைச் சுற்றியுள்ள காற்றுப்பை, அதாவது கஃப், எச்சிலைத் தடுத்துவிடும் என்று வீட்டார் நம்புவார்கள். ஆனால் கஃப் இருப்பது குரல்நாண்களுக்குக் கீழே. அங்கே தேங்கும் எச்சில் ஏற்கெனவே குரல்வளையைத் தாண்டி வந்தது. கஃபின் மடிப்புகள் வழியே அது மெல்லக் கசியும். இன்னும் காற்றடித்து இறுக்கவும் முடியாது. அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீரளவுக்குள் இருக்க வேண்டும். மிஞ்சினால் மூச்சுக்குழாய்ச் சுவரின் இரத்த ஓட்டம் குறைந்து புண்ணாகும்.

கஃப் ஊதியிருக்கும்வரை மூச்சு கழுத்தோடு திரும்பிவிடுகிறது. தொண்டைக்குக் காற்றே போவதில்லை. காற்றுப் படாத தொண்டை மரத்துப்போகிறது, இருமலும் வலுவிழக்கிறது. அதனால், உடல்நிலை இடம்கொடுக்கும் நோயாளிக்கு மருத்துவர்கள் கஃபுக்கு மேலே தேங்கியதை உறிஞ்சி எடுத்துவிட்டு, கஃபின் காற்றையே இறக்கி, குழாயின் வாயில் ஒருவழி வால்வைப் பொருத்துகிறார்கள். குழாய் வழியே இழுக்கும் மூச்சு வாய், மூக்கு வழியே வெளியேறும். தசைச்சிதைவு நோயால் கைகால் செயலிழந்து வென்டிலேட்டரில் இருந்த டேவிட் மியூர் என்ற அமெரிக்க இளைஞர், பேசுவதற்காக 1980களில் உருவாக்கியது இது போன்ற வால்வுதான். விழுங்கவும் அது உதவுகிறது. கஃப் ஊதியிருக்கையில் மட்டும் வால்வைப் பொருத்தவே கூடாது: உள்ளே போன மூச்சு வெளியே வர வழியிருக்காது.

எச்சிலைக் குறைக்க கிளைகோபைரோலேட் போன்ற மருந்துகள் உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பிகளில் போடும் போட்டாக்ஸ் ஊசி சில மாதங்கள் வேலை செய்யும். அளவு மீறி வறண்டால் சளி கெட்டியாகிக் குழாயையே அடைத்துவிடும். எதுவும் பலிக்காதபோது குரல்வளையையும் மூச்சுக்குழாயையும் அறுவை செய்து பிரிக்கலாம். 1975இல் லிண்டெமன் விவரித்த இந்த முறையில் புரையேற்றம் நிற்கும், குரலும் போய்விடும்.

நுரையீரலில் சீழ் பிடிக்கவைப்பது எச்சிலோடு இறங்கும் வாய்க் கிருமிகள். வாயால் எதுவுமே உண்ணாதவருக்கும் தினமும் பல் துலக்கி வாய் துடைத்துவிடுவது அதனால்தான் முக்கியம்.

கேரளம் 2008இல் வலிதணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சிகளின் செவிலியர்கள் படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்களிடம் சக்‌ஷன் போட, அதாவது தேங்கியதை உறிஞ்சி எடுக்கக் கற்றுக்கொள்ளும் குடும்பம், வாய் துடைப்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளட்டும். கஃபை எப்போது தளர்த்தலாம் என்ற கேள்வியை மருத்துவரிடம் கேட்கவும் தயங்க வேண்டாம்.