வெளித்தோற்றம் சொல்லாத ஆபத்து: மன்னார் மண்ணில் கிடக்கும் ரவைகள்

2008 மே மாதம் அடம்பனும், ஜூலையில் விடத்தல்தீவும் இராணுவத்தின் கைக்குப் போயின. அந்தச் சண்டை முடிந்து பல ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனாலும் காணி துப்பரவாக்கும்போதும் கிணறு வெட்டும்போதும் பழைய வெடிபொருட்கள் வெளிப்படுவது மன்னார் மக்களுக்குப் புதிதல்ல. பெரிய குண்டைக் கண்டால் எல்லோரும் விலகிப் போகிறார்கள். ஒற்றை ரவையைக் கண்டால் பலருக்கு அந்தப் பயம் வருவதில்லை. "சின்னதுதானே, துருப்பிடித்துக் கிடக்கிறது" என்று கையில் எடுத்துவிடுகிறார்கள்.

பார்வையால் ஒரு ரவையைச் சோதிக்க முடியுமா?

துப்பாக்கி ரவையில் நான்கு பகுதிகள் உண்டு: பித்தளைக் கோது, அதன் அடியில் அடிபட்டதும் தீப்பற்றும் சிறு மூட்டி, உள்ளே மருந்து, முனையில் ஈயக்குண்டு. அமெரிக்கா போன்ற நாடுகளில் வெற்றுக் கோதுகளை வீட்டிலேயே மறுபடி நிரப்பிச் சுடும் பொழுதுபோக்காளர்கள் இருக்கிறார்கள். கோதில் வெடிப்பு உண்டா, மூட்டி சரியாக அமர்ந்திருக்கிறதா, மருந்தின் எடை சரியா என்றெல்லாம் அவர்கள் பார்ப்பது ஈயக்குண்டைப் பொருத்தி மூடுவதற்கு முன்னர்தான். பல கைத்துப்பாக்கி ரவைகளில் மருந்து கோதின் பாதியைக்கூட நிரப்பாது. தவறுதலாக இரண்டு மடங்கு மருந்து விழுந்தாலும் வெளியே தெரியாது. மூடிய பின் நிறுத்துப் பார்த்தாலும் உறுதியில்லை. கோதின் எடையும் குண்டின் எடையும் ஒன்றுக்கொன்று சற்று வேறுபடும். அதனால்தான் முன்பின் தெரியாத ஒருவர் நிரப்பிய ரவையைச் சுடாதே என்பது அவர்களிடையே எழுதப்படாத சட்டம்.

நிரப்பியவருக்கே மூடிய பின் நிச்சயமில்லை என்றால், பல மாரிகளைக் கண்ட ரவையைப் பற்றி நாம் என்ன சொல்ல முடியும்?

வன்னிக் காடுகளில் வேட்டைக்குப் பயன்படும் இடியனிலும் கட்டுத்துவக்கிலும் இதே சிக்கல்தான். மருந்தின் அளவு கண்மதிப்பு. கூடினால் குழலே வெடிக்கும்.

பழையது செத்ததல்ல

ரவை மருந்து வெப்பத்தில் மெல்லச் சிதையும். சிதைவைத் தடுக்கச் சேர்த்த இரசாயனமும் காலப்போக்கில் தீர்ந்துவிடும். உப்புக்காற்றும் ஈரமும் கோதை அரிக்கும். அப்படிப்பட்ட ரவை வெடிக்காமல் போகலாம், தாமதித்தும் வெடிக்கலாம். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கினால் அடுத்த வெடி துப்பாக்கியைப் பிளக்கும்.

துப்பாக்கியே இல்லாவிட்டாலும் ஆபத்து நீங்காது. குப்பையோடு எரித்தால் சூட்டில் கோது சிதறும். துண்டுகள் கண்ணைப் பறிக்கப் போதும். பழைய இரும்புக்கு விற்க மூட்டியைத் தட்டிக் கழற்றுவதும் அப்படித்தான்.

கண்டால் என்ன செய்வது?

தொடாதீர்கள், எறியாதீர்கள், எரிக்காதீர்கள். ரவை கிடக்கும் இடத்தில் கைக்குண்டோ மிதிவெடியோ இருக்கலாம். வந்த வழியே திரும்புங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், கிராம உத்தியோகத்தருக்கோ 119 இலக்கத்தில் பொலிஸாருக்கோ சொல்லுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ரவை வைத்திருப்பது சட்டப்படியும் குற்றம்.

இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. கண்ணிவெடிகளை அகற்ற அப்போது கிடைத்த காலக்கெடு 2028 ஜூன். அந்தக் காலக்கெடு கண்ணிவெடிகளுக்கு மட்டும்தான். வேலியோரம் புதைந்த ஒற்றை ரவையை அது கணக்கில் எடுப்பதில்லை. அதைக் கண்டு அறிவிக்க வேண்டியவர்கள் அந்தக் காணியில் கால்வைக்கும் நாம்தான்.