எளிதிற் கிழியும் தோல்
நாய்களிற் பரம்பரையாய் வரும் தொடுப்பிழையக் குறைபாடு

வேலியோரம் ஓடித் திரும்பிய நாய்க்குட்டியின் உடலில் முள்ளுக் கீறிய கோடு மட்டுமே இருத்தல் வேண்டும். ஆனால் தோல் மீன்வாய் போலப் பிளந்து நிற்கிறது. இரத்தமோ மிகச் சிறிது. சில கிழமைகளின் பின் மீண்டும் அவ்வாறே நேருகிறது. நாயைக் கவனியாது விட்டதாக வளர்ப்பவரை அயலார் குறை கூறுவர். இத்தகைய குட்டியிற் குறை வளர்ப்பில் இல்லாதிருக்கலாம், பிறப்பிலேயே இருக்கலாம்.

காரணம்

தோலுக்கும் மூட்டுக்கும் உறுதி தருவது தொடுப்பிழையம். அதன் முக்கிய கூறு கொலாசன் எனும் புரதநார். புரிகள் செவ்வனே முறுக்கேறாத கயிறு எளிதில் அறுவதுபோல, கொலாசன் நார்கள் ஒழுங்காக அமையாத தோலும் எளிதிற் கிழியும். மனிதரில் இந்நோயை 1901இல் ஏலர்ஸ் என்பாரும் 1908இல் டான்லோஸ் என்பாரும் விவரித்தமையால், இது ஏலர்ஸ்-டான்லோஸ் நோய் எனப்படும். பூனை, மாடு, குதிரை ஆகியவற்றிலும் இதையொத்த குறைபாடுகள் உண்டு.

அறிகுறிகள்

தோல் மென்மையாகவும் தளர்ந்தும் இருக்கும். பிடித்து உயர்த்தினால் வழமைக்கு மிஞ்சி நீளும். ஆறிய காயங்கள் மெல்லிய கடதாசி போன்ற வெண்தழும்புகளாகும். சில நாய்களில் மூட்டுகளும் தளரும். கண்வில்லையும் இடம் பெயரலாம்.

மிருக வைத்தியர் இடுப்பின் மேற்புறத் தோலை மெதுவாக மடித்து உயர்த்தி, அம்மடிப்பின் உயரத்தைப் பிடரி தொடக்கம் வாலடி வரையுள்ள நீளத்தோடு ஒப்பிடுவார். நீளம் 60 சென்ரிமீற்றராகவும் உயரம் 9 சென்ரிமீற்றராகவும் இருப்பின், விகிதம் நூற்றுக்கு 15 ஆகும். நூற்றுக்கு 14.5இற்கு மேற்படின் இந்நோயெனச் சந்தேகிக்க இடமுண்டு. தோல் கிழியக்கூடுமாதலால் வளர்ப்போர் தாமே இதனைச் செய்து பார்த்தலாகாது.

பராமரிப்பு

இந்நோயை முற்றாக மாற்றும் மருந்து இல்லை. எனினும் காயங்களைத் தவிர்ப்பின் பல நாய்கள் நலமாக வாழும்.

1. முள்வேலி, கூரிய தகரம், ஆணி ஆகியவற்றை அப்புறப்படுத்துக.
2. படுக்க மெத்தென்ற விரிப்பு இடுக. நகங்களை ஒழுங்காக வெட்டுக.
3. தெள்ளு, உண்ணிகளை ஒழிக்குக. சொறிதலே காயத்துக்கு வழியாகும்.
4. பிற நாய்களோடு முரட்டு விளையாட்டை அனுமதியாதீர்.
5. காயம் சிறிதாயினும் உடனே மிருக வைத்தியரிடம் காட்டுக. ஊசி போடுமுன்னரும் அறுவைச் சிகிச்சைக்கு முன்னரும் இந்நோயைப் பற்றி அவருக்குக் கூறுக.

இனவிருத்தி

பல நாய்களில் இந்நோய் ஆட்சியுடைய இயல்பாகக் கடத்தப்படுகிறது. அவ்வாறாயின் நோயுற்ற ஒரு பெற்றோரின் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. டொபர்மன் இனத்தில் 2019இல் அறியப்பட்ட வகையோ பின்னிடைவானது. நோயற்றவை போலத் தோன்றும் தாயும் தந்தையும் அதனைக் காவக்கூடும். ஆதலின் நோயுற்ற நாயை இனவிருத்திக்குப் பயன்படுத்தலாகாது. அதனை ஈன்ற சோடியையும் மீண்டும் சேர்த்தலாகாது. குட்டிகளை வாங்கியோருக்கு உண்மையை அறிவித்தல் வளர்ப்போரின் கடமையாகும். இன்று மறைக்கப்படும் குறை நாளை இன்னொரு வீட்டுக் குட்டியின் தோலில் வெளிப்படும்.