ஓரம் தூக்கும் தளம்

குடோன் தளம் போட்டுச் சில மாதம்தான் ஆகியிருக்கும். ஃபோர்க்லிஃப்ட் இரண்டு பாளங்களுக்கு இடையிலான மூட்டைத் தாண்டும்போதெல்லாம் 'டக்' என்கிறது. மூலையில் கம்பியால் தட்டினால் காலிப் பானையின் சத்தம். உடனே வரும் தீர்ப்பு, "மண் இறங்கிடுச்சு." பல இடங்களில் மண் அப்படியேதான் இருக்கிறது, தளத்தின் ஓரம்தான் மேலே எழும்பியிருக்கிறது. டீ வரட்டும், சொல்கிறேன்.

கோடையில் வற்றிய ஏரியைப் பார்த்திருப்பீர்கள். வண்டல் பாளம் பாளமாக வெடித்து, ஒவ்வொன்றும் தட்டுப் போல விளிம்பு நிமிர்ந்து கிடக்கும். மேல்பக்கம் காய்ந்து சுருங்கிவிட்டது. அடியில் ஈரம் இருக்கிறது. சுருங்கிய பக்கம் மற்றதை இழுத்து வளைக்கிறது. கான்கிரீட்டிலும் இதுவேதான், மாதக்கணக்கில் மெல்ல நடக்கிறது.

முதல் காரணம் தண்ணீர். 50 கிலோ சிமெண்ட் மூட்டையின் வேதிவினைக்குச் செலவாவது ஏறக்குறைய 12 லிட்டர். கலவை இளக்கமாக இருக்க 25 லிட்டர் வரை ஊற்றுகிறோம். அது தேவைதான். அதற்கு மேல், கொட்டும் இடத்தில் "கொஞ்சம் தளர்த்துப்பா" என்று சேரும் பக்கெட்தான் வினை. சிமெண்டைக் கூட்டினால் தளம் கெட்டி என்ற நம்பிக்கையும் இங்கே உதவாது. சுருங்குவது சிமெண்ட் பசை, ஜல்லி சுருங்காது. அதனால் பெரிய ஜல்லி, குறைந்த பசை நல்லது.

அடுத்த காரணம் ஷீட். தளத்துக்கு அடியில் பாலிதீன் ஷீட் விரித்தால் ஈரம் கீழே இறங்காது, எல்லாம் மேல்வழியாகவே போகும், வளைவு கூடும். மேலே டைல்ஸோ வினைலோ ஒட்டப்போகிறீர்கள் என்றால் ஷீட்டைத் தவிர்க்க முடியாது. அப்போது தண்ணீர் அளவில் இரட்டிப்புக் கண்டிப்பு வேண்டும்.

பாத்தி கட்டி ஏழு நாள் தண்ணீர் நிறுத்துவது அவசியம், மேற்பரப்பு உறுதியாகும். ஆனால் அது வளைவைத் தள்ளிப்போடுமே தவிர ஒழிக்காது. மூட்டு இடைவெளி தடிமனைப் போல 24 முதல் 36 மடங்குக்குள் இருக்கட்டும், 15 செ.மீ. தளத்துக்கு நான்கரை மீட்டர் போதும். பாளம் நீளமானால் ஓரம் அதிகம் எழும்பும்.

வெயிலில் கிடக்கும் கான்கிரீட் சாலையில் வெப்பமும் சேர்ந்துகொள்ளும். பகலில் ஓரம் அழுந்தும், விடியற்காலையில் எழும்பும். இதனால் கான்கிரீட்டுக்குள் உண்டாகும் அழுத்தத்தைப் பொறியாளர் வெஸ்டர்கார்ட் 1927-லேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார்.

வளைந்த தளத்தைத் தேய்த்துச் சமப்படுத்தலாம், அடியில் சிமெண்ட் பால் செலுத்தலாம். இரண்டும் செலவு. அதனால் கலவை லாரி வரும் நாளில் நீங்களே அங்கே நில்லுங்கள். இளக்கம் போதவில்லை என்றால் அதற்கான அட்மிக்சர் சேர்க்கச் சொல்லுங்கள், தண்ணீர்க் குழாயை எடுக்க விடாதீர்கள்.