பெட்டி பத்து டாலர், வெளியே நாற்பது

2020-இல் அமெரிக்கக் கடைகளில் டாய்லெட் பேப்பர் காணாமல் போனதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அதே சமயத்தில் துப்பாக்கித் தோட்டாவும் காணாமல் போனது. கைத்துப்பாக்கிக்கான 9 எம்எம் தோட்டா, 50 கொண்ட பெட்டி, அதுவரை ஏறத்தாழ 10 டாலர். 2021 தொடக்கத்தில் அதே பெட்டி 30, 40 டாலருக்குக் கைமாறியது. கொரோனா பயம், தெருப் போராட்டங்கள், தேர்தல் என்று எல்லாம் சேர்ந்து, துப்பாக்கியே தொட்டிராதவர்கள் லட்சக்கணக்கில் வாங்கக் கிளம்பியிருந்தார்கள். போதாக்குறைக்குப் பெரிய தயாரிப்பாளர்களில் ஒன்றான ரெமிங்டன் 2020 ஜூலையில் திவால் மனு கொடுத்தது.

பல கடைகள் ஆளுக்கு ஒரு பெட்டி, இரண்டு பெட்டி என்று எழுதி ஒட்டின. சரக்கு இறங்கும் நாள் தெரிந்த சிலர் கதவு திறக்கும் முன்பே வரிசையில் நின்றார்கள். தனக்கு ஒன்று, மனைவி பேரில் ஒன்று, மச்சான் பேரில் ஒன்று. மாலைக்குள் மூன்றும் இணைய விளம்பரத்தில், மூன்று மடங்கு விலையில்.

“நான் கால்கடுக்க நின்றேன், காசு போட்டேன், இஷ்டப்பட்டவன் வாங்குகிறான், உங்களுக்கென்ன?” என்பது அவர்கள் வாதம். விலை ஏறினால்தான் உற்பத்தி பெருகும் என்று பொருளாதாரப் பாடமும் துணைக்கு வரும். பாதி உண்மைதான். ஆலை விலையை ஏற்றினால் அந்தப் பணம் செம்புக்கும் வெடிமருந்துக்கும் புது இயந்திரத்துக்கும் போகலாம். மச்சான் பேரில் வாங்கிய பெட்டியின் லாபம் ஆலைக்குப் போவதில்லை. அதனால் ஒரு தோட்டாகூடக் கூடுதலாக உருவாவதில்லை. கடைக்காரர் பத்துப் பேருக்குப் பங்கிட நினைத்ததை மூன்று பேர் அள்ளிக்கொண்டு, மிச்சம் ஏழு பேரிடம் வசூல் செய்வதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பல வருஷத்துக்கு முன் வாங்கிவைத்த தன் சொந்தச் சரக்கை இன்றைய விலைக்கு விற்பவரை இதோடு சேர்க்க மாட்டேன். அவர் யாருடைய பங்கையும் பறிக்கவில்லை.

இந்தக் கோபம் எனக்கு மட்டும் இல்லை. 1986-இல் கானமன், நெட்ச், தேலர் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி உண்டு. 15 டாலருக்கு விற்ற பனி அள்ளும் மண்வாரியை, பனிப்புயலுக்கு மறுநாள் கடைக்காரர் 20 டாலர் ஆக்குகிறார், இது நியாயமா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். வெறும் ஐந்து டாலர் ஏற்றத்துக்கே அந்தக் கோபம்.

சட்டம் இந்தக் கோபத்தோடு முழுசாக வரவில்லை. அவசரகாலக் கொள்ளை விலையைத் தடுக்க அமெரிக்கா முழுமைக்கும் பொதுவான சட்டம் இல்லை. 2020 மார்ச்சில் அதிபர் போட்ட பதுக்கல் தடை ஆணை மருத்துவப் பொருள்களுக்கு மட்டும்தான். மாநிலச் சட்டங்கள் உண்டு. அவசரநிலை அறிவித்தபின் பட்டியலில் உள்ள பொருள்களை 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றி விற்கக் கலிஃபோர்னியா தடை போடுகிறது. டெக்சாஸ் உணவு, மருந்து, எரிபொருள் என்று சொல்லி, கூடவே ‘மற்ற அத்தியாவசியப் பொருள்’ என்கிறது. தோட்டா அத்தியாவசியமா என்பதில்தான் வழக்கறிஞர்கள் இருபக்கமும் நின்று வாதாடலாம். ஆகவே விலையை மட்டும் காட்டிப் புகார் கொடுத்தால் ஜெயிக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

விலையைவிடப் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் படிக்கும், வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது அதைத்தான். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஒரே ஒரு தோட்டா போதும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. தடை உள்ளவர் என்று தெரிந்தோ, சந்தேகிக்கக் காரணம் இருந்தோ அவருக்கு விற்பவரும் குற்றவாளிதான். 2022-க்குப் பிறகு இரு தரப்புக்கும் உச்ச தண்டனை 15 ஆண்டு. வைத்திருந்த குற்றத்தைக் குடியேற்றச் சட்டம் கடுங்குற்றப் பட்டியலில் சேர்த்திருப்பதால் பின்னாலேயே நாடு கடத்தலும் வரும். மாணவர் விசா நிலையை இழந்த ஒருவர் ஃப்ளோரிடாவில் சுடுதளத்துக்குப் போய் மாட்டிய வழக்கு, 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்ததையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்பலாம் என்பது அதன் பொருள் அல்ல. “நண்பன் பேரில் நாலு பெட்டி வாங்கி வைடா, விலை ஏறினதும் தள்ளிவிடலாம்” என்று அறைத்தோழன் சொன்னால், அந்தப் பெட்டி உங்கள் அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் தலைக்குத்தான் ஆபத்து.

குடியுரிமை பெற்றவர்களும் மாநில விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1986 முதல் தோட்டாவைச் சில்லறையாக விற்கக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை என்பதால் எங்கும் விற்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 30 நாளில் 500 தோட்டாவுக்கு மேல் விற்க உரிமம் வேண்டும். இல்லினாயில் வாங்குபவரிடம் மாநிலம் தந்த ஃபாய்டு அட்டை இருக்க வேண்டும். அமெரிக்கத் தபாலில் தோட்டா அனுப்பவே கூடாது.

வாங்குபவருக்கு வேறு தலைவலி. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் லாட் எண்தான் தோட்டாவின் ஜாதகம். பழுதான சரக்கை ஆலை திரும்பப் பெறும்போது அந்த எண்ணைத்தான் அறிவிக்கும். ஜிப் பையில் உதிரியாகக் கிடைக்கும் தோட்டாவுக்கு அது கிடையாது. யாரோ வீட்டில் மருந்து நிரப்பியதைப் புதுச்சரக்கு என்று தள்ளிவிடலாம். மருந்து குறைந்தால் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளும். அடுத்த சூட்டில் துப்பாக்கி கையிலேயே வெடிக்கக்கூடும். பெட்டி பிரித்திருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

தட்டுப்பாட்டு நாளில் போலி இணையக் கடைகளும் முளைக்கும். எங்கும் இல்லாத சரக்கு அங்கே மட்டும் குவிந்திருக்கும், விலையும் மலிவாக இருக்கும், ஆனால் ஸெல் (Zelle) பணப்பரிமாற்றத்திலோ கிரிப்டோவிலோ மட்டுமே பணம் கேட்பார்கள். கேட்ட உடனே விலகிவிடுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வழி இருக்கிறது: அந்தத் தொகை உள்ள முதல் பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்துமூலம் மறுப்புத் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னால் மட்டும் சட்டப் பாதுகாப்பு உறுதியில்லை. இணைய மோசடி என்றால் எஃப்பிஐயின் ஐசி3 தளத்திலும், கூட்டாட்சி வணிக ஆணையத்திலும் பதிவு செய்யலாம். கொள்ளை விலை, ஏமாற்று விளம்பரம் என்றால் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவு. விளம்பரத்தின் படம், தேதி, விற்பவர் அனுப்பிய செய்திகள், பெட்டியின் லாட் எண் ஆகியவற்றை முதல் நாளே சேமித்துக்கொள்ளுங்கள். புகார் போனது தெரிந்தால் விளம்பரத்தைத்தான் முதலில் அழிப்பார்கள்.