90 அடி சாலையில் ரெயில் விட்ட வாலிபர்!

மும்பை தாராவி 90 அடி சாலையில் மின்சார ரெயில் ஒன்று வருகிறது. வாசற்படியில் ஒரு வாலிபர் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறார். அவர் தலைமுடி காற்றில் பறக்கிறது. ஓரத்தில் இட்லி விற்கும் அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பார்க்க மாட்டார். ஏனென்றால் அங்கே ரெயிலே வரவில்லை!

இது 10 வினாடி ஓடும் வீடியோ படம். சாலையை ஒரு நாள் எடுத்தார்கள். தொங்கும் வாலிபரை இன்னொரு நாள் மொட்டை மாடியில் எடுத்தார்கள். ரெயில், கம்ப்யூட்டரில் செய்தது. மூன்றையும் ஒரே கேமராவில் ஒரே நேரத்தில் எடுத்ததுபோல் சேர்த்திருக்கிறார்கள். இந்த வேலைக்கு 'காம்பாசிட்டிங்' என்று பெயர்.

செய்தவர், திருநெல்வேலிப் பக்கம் இருந்து வந்து தாராவியில் குடியேறிய குடும்பத்துப் பையன். வயது 23. பகலில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. இரவில் இணையதள வீடியோக்களைப் பார்த்தே இதைக் கற்றிருக்கிறார்.

"பேர் மட்டும் போட்டுராதீங்க அண்ணாச்சி. முதலாளி பார்த்தா, வேலையை விட்டுப் போறான்னு நினைப்பார்" என்று கேட்டுக்கொண்டார்.

அடகில் சங்கிலி

அவர் முதலில் போனது வீடியோவுக்கு அல்ல, ஒரு பயிற்சி நிலையத்துக்கு. 'வேலை நிச்சயம்' என்று விளம்பரம் செய்திருந்தார்கள். தாயாரின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினார். இரண்டு மாதம் கழிந்ததும் வாத்தியார் வருவது நின்றது. வகுப்பில் திரையில் வீடியோ போட்டுக் காட்டினார்கள். ஒரு நாள் அதே வீடியோ அவருடைய செல்போனில் இலவசமாக ஓடியது!

கட்டிய பணம் திரும்பவில்லை. பையன் லாமிங்டன் ரோட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தவணையில் வாங்கி, வீட்டுப் பரணில் உட்கார்ந்துவிட்டார்.

இணையத்தில் பாடங்களுக்குப் பஞ்சம் இல்லை. அமெரிக்கரான ஆண்ட்ரூ கிரேமர், 'வீடியோ கோபைலட்' என்ற பெயரில் 2000-களின் நடுவிலேயே இலவசப் பாடங்களை வெளியிட்டார். அதைப் பார்த்துத் தொழிலுக்கு வந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிவான பிறகு, நம் பையன்களுக்கும் அந்தக் கதவு திறந்தது. மென்பொருளுக்கும் செலவு இல்லை. 'பிளெண்டர்' முற்றிலும் இலவசம். 'டாவின்சி ரிசால்வ்' இலவசப் பதிப்பிலேயே 'பியூஷன்' இருக்கிறது. பெரிய ஸ்டூடியோக்கள் பயன்படுத்தும் 'நியூக்' மென்பொருளிலும், சம்பாதிக்காமல் கற்க மட்டும் ஓர் இலவசப் பதிப்பு உண்டு.

பச்சைத் துணி

பிறகு ஏன் எல்லோரும் தேறுவது இல்லை?

"வீடியோவில் அவங்க கொடுக்கிற படத்தை வைச்சு செஞ்சா சரியா வருது. நம்ம படத்தை வைச்சா வர மாட்டேங்குது" என்றார் பையன். விஷயம் இதுதான். பாடம் நடத்துகிறவர் கணக்கையும் விடையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார். அவருடைய பச்சைத் திரையில் சுருக்கம் இல்லை, வெளிச்சம் சீராக இருக்கிறது. தாராவிப் பரண் அப்படியா?

நண்பரைப் பச்சைத் துணி முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். (பச்சை ஏன் என்றால், அது மனிதத் தோலில் இல்லாத நிறம். தவிர, டிஜிட்டல் கேமராக்களில் பச்சையை உணரும் புள்ளிகள் சிவப்பையும் நீலத்தையும்போல் இரு மடங்கு. ஓரம் சுத்தமாக வெட்டுப்படும்.) பத்துக்குப் பத்து அறையில் துணியை ஒட்டி நின்றதால், நண்பரின் கன்னத்திலேயே பச்சை அடித்தது. அதை நீக்கினால் முகம் பிணம்போல் ஆனது. கடைசியில் மொட்டை மாடியில் துணியைக் கட்டி, ஆளைப் பல அடி தள்ளி நிறுத்தினார்கள். வெயிலும் காற்றும் தானாக வந்தன.

அடுத்தது கறுப்பு ஓரம். ஆளைச் சுற்றி மை தீட்டியதுபோல் ஒரு கோடு. மூன்று இரவு தூக்கம் போயிற்று. காரணம் சின்னது. ஓரத்தில் பாதி மட்டுமே மறைக்கும் புள்ளிகளின் நிறத்தை மென்பொருள் முன்பே பாதியாகக் குறைத்து வைத்திருக்கிறது. இவர் தெரியாமல் மறுபடியும் பாதியாக்கினார். கால் பங்குதான் மிஞ்சியது. ஒரே மாதத்தில் இரண்டு முறை பி.எப். பிடித்த சம்பளப் பட்டியல் மாதிரி! இந்த மறைப்புக் கணக்கை போர்ட்டர், டப் என்ற இருவர் 1984-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். பித்தானை மட்டும் அழுத்தக் கற்றவருக்கு அது தெரியாது.

முதல் படத்தை என்னிடம் காட்டியபோது நானும் ஒரு குற்றம் கண்டுபிடித்தேன். ரெயில் சாலையில் பாதியை அடைத்துக்கொண்டு வந்தது.

"தம்பி, மும்பை மின்சார ரெயில் பெட்டியின் அகலம் 12 அடி. உன் சாலை 90 அடி" என்றேன்.

ரெயில்வே குமாஸ்தாவாக இருப்பதில் இப்படியும் ஒரு பயன். அவர் ரெயிலைச் சிறிதாக்கினார். கைவண்டியின் நிழல் ஒரு பக்கமும் ரெயிலின் நிழல் மறுபக்கமும் விழுந்ததை அவரே பார்த்துத் திருத்தினார். சாலையில் தேங்கிய மழைத் தண்ணீரில் ரெயில் தெரியவில்லை என்பதைச் சொன்னது அவருடைய தாயார். அந்த அம்மாள் ஒரு பாட வீடியோவும் பார்த்தது இல்லை!

நிலையில்லாத தொழில்

வேலை கிடைக்குமா? கிடைக்கிறது. நிலைக்குமா என்பது வேறு கேள்வி. புதுச்சேரிப் பையன் புலியோடு படகில் போகும் 'லைப் ஆப் பை' படத்துக்கு 2013-ல் காட்சி ஜாலத்துக்கான ஆஸ்கார் கிடைத்தது. அந்தப் புலியைச் செய்த 'ரிதம் அண்டு ஹியூஸ்' நிறுவனம் அதற்குச் சில நாள் முன்புதான் திவால் மனு கொடுத்தது. 2025 பிப்ரவரியில் 'டெக்னிகலர்' நிறுவனம் சரிந்தபோது, நம் நாட்டில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். பெங்களூருக்குத்தான் பெரிய அடி.

புதியவர்களுக்கு முதலில் கொடுப்பது 'ரோட்டோ' வேலை. ஒவ்வொரு படமாக ஆளைச் சுற்றிக் கோடு போட வேண்டும். வினாடிக்கு 24 படம். 10 வினாடிக்கு 240. இதையும் இயந்திரமே செய்யத் தொடங்கிவிட்டது. கோடு போட மட்டும் தெரிந்தவர் பாடு கஷ்டம்தான்.

பையன் ரெயில் படத்தை அந்தேரியில் ஒரு சிறு ஸ்டூடியோவில் காட்டினார். பார்த்தவர் இரண்டு தடவை ஓட்டிவிட்டு, "இந்தத் தண்ணீரில் தெரிகிற ரெயில் எந்தப் பாடத்தில் இருக்கிறது?" என்று கேட்டாராம். எந்தப் பாடத்திலும் இல்லை என்று சொன்னதும், ஒரு டி.வி. தொடரில் சண்டை நடிகர்களைத் தூக்கும் கம்பிகளை அழிக்கும் வேலையைக் கொடுத்தார். நான்கு காட்சி. ஒன்பது இரவு.

வந்த பணத்தில் சங்கிலிக்கு வட்டி கட்டியாகிவிட்டது. அசல் பாக்கி. பகலில் தோல் பை தைப்பது தொடர்கிறது.